தாள் ஓரத்து அழுக்கு

ஜோதிலட்சுமி புத்தகத்தைத் திறப்பதில்லை. மூடியபடியே சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துத் தாள்களின் ஓரத்தைப் பார்க்கிறார். அப்புறம் விரலால் தடவிப் பார்க்கிறார். உத்தமபாளையம் பக்கம் உள்ள எங்கள் கல்லூரியில், தமிழிலக்கிய முதலாண்டுக்கு எந்த நாவலைப் பாடமாக வைப்பது என்று முடிவு செய்பவர் அவர்.

ஆண்டுத் தொடக்கத்தில் நாலைந்து நாவல்களை, நான் காப்பாளராக இருக்கும் மாணவர் விடுதியில் போட்டுவிடுவார். கோடை விடுமுறைக்கு முன் திரும்ப வாங்கிக்கொள்வார். "பிள்ளைககிட்ட கேட்டா 'சூப்பர் மேடம்'னு சொல்லிருதுக. வெரல் அழுக்கு எங்கன நிக்குதோ, அங்கனதான் சார் படிப்பும் நின்னுருக்கு."

சேலை கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். கைக்குட்டை மட்டும் ஆண்கள் வைத்திருப்பதுபோலப் பெரியது, கட்டம் போட்டது. பரிசு வாங்கிய புத்தகம் என்று யாராவது சிபாரிசுக்கு வந்தால், "பெரியவுக நல்லாருக்குன்னு சொன்னாகளா? சரி, போடுங்க. அழுக்காகுதான்னு பாப்பம்" என்பார்.

இந்த வருடம் என் நாவலும் அவற்றில் இருந்தது. முடி கொட்டக் கொட்ட எழுதியது. கூடவே வினோத்ராஜின் முதல் நாவல். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் பையன் அவன். பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் நாவலைப் பற்றியே பேசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. "அத நான் தொட்டுக்கூடப் பாக்கல" என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவைத்தேன்.

நேற்று என் நாவலைச் சாய்த்தார். முன்னால் கொஞ்சம் பழுப்பு, அப்புறம் வெள்ளை வெளேர். கடைசித் தாள்களில் மட்டும் லேசாகக் கறை.

"பயலுக முடிவ மட்டும் பாத்திருக்காய்ங்க சார்" என்றார் மெதுவாக.

"இப்பப் பயலுகளுக்குப் பொறும எங்க மேடம் இருக்கு?"

அவர் வினோத்ராஜின் புத்தகத்தை எடுத்தார். அட்டை பிய்ந்து, ஓரம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் என் திராட்சைப் பைக்குள் கையை விட்டேன். சுருளிப்பட்டியில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. அதைக் கொறிக்காமல் எனக்குப் படிப்பில் ஒரு பக்கமும் ஓடாது. புளிக்கிறது என்று வேறு யாரும் அதைச் சீண்டுவதில்லை.

அவர் விரல் ஓரத்தில் ஓரிடத்தில் நின்றது. முதல் முறையாகப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஊதாநிறக் கட்டைவிரல் ரேகை. கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அங்கும் இருந்தது. பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார்.

என் பையிலிருந்து ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டார். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.