அத்தையின் கன்னி நாய்கள்

பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய புதுப்பெண் கையில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. என் தாய்மாமாவைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நல்லம்பள்ளிக்கு வந்த அத்தை அவர். கூட பீரோவும் கட்டிலும் வரும் என்று காத்திருந்த எங்கள் சனத்தின் முகம் தொங்கிப்போனது. குட்டிக்குக் கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே ரெண்டு செம்பொட்டு, ஒட்டிய வயிறு. "பொண்ணு வூட்டுல நாய்க்குச் சோறே போடலைங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அத்தை சிரித்தார். "இது கன்னி, எங்க பக்கத்து வேட்டை நாய் ஜாதி. இப்படித்தாங்க இருக்கும். விலா எலும்பு தெரியலைன்னாத்தான் கவலைப்படணும்."

அது வளர்ந்த பிறகுதான் அந்த வயிற்றின் அருமை எங்களுக்குப் புரிந்தது. அறுவடை முடிந்த கடலைக் காட்டில் அவிழ்த்து விட்டால், கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அத்தை ராகிக் கூழில் மோர் ஊற்றி அளவாகத்தான் வைப்பார். உண்ணி பிடிக்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவுவார். வேற்றாள் பிஸ்கட்டை நீட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குட்டி போட்டால் விற்கமாட்டார். தினமும் ஓட விடுவேன், முடியாமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குச் சும்மாவே கொடுப்பார். அவர் பிறந்த வீட்டு வழக்கம் அது.

அப்படி வாக்குக் கொடுத்து ஒன்றை மாமாவின் அண்ணன், என் பெரிய மாமா, வாங்கிப் போனார். பென்னாகரத்தில் அவர் கட்டியிருந்த புது வீட்டுக்கு ஒருநாள் போனோம். கேட்டோரம் சங்கிலியில் கிடந்தது நாய்; பிரியாணி தின்று பீப்பாயாக ஊதியிருந்தது. அத்தையின் முகம் மாறியதைப் பார்த்து மாமா பதறினார். "நிலம் இன்னும் பாகம் பிரிக்கல. வாயத் தொறந்துராத." குடும்பத்தில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவரைப் பகைத்துக்கொண்டால் கிணற்றோரத்துக் காடு கைவிட்டுப் போகும்.

அத்தை நேராகப் போய் அவர் முன்னால் நின்றார். "மாமா, காவலுக்கு வேற நாய் வச்சுக்கங்க. இது ஓடப் பொறந்ததுங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." சங்கிலியைத் தானே கழற்றினார். பெரிய மாமா விருட்டென்று உள்ளே போய்விட்டார். பாகம் பிரித்தபோது கிணற்றோரத்துக் காடு மாமாவுக்கு வரவில்லை. மாமா புலம்பித் தீர்த்தார். அத்தை ஒருமுறைகூட வருத்தப்பட்டதில்லை. எனக்கோ, அன்றைக்கு வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

இப்போது கன்னி நாய்க்கு நல்ல மவுசு. போனில் கூப்பிட்டு விலை கேட்கிறார்கள், அத்தை எடுத்த எடுப்பில் வைத்துவிடுகிறார். போன மாதம் அவருக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போனேன். கட்டிலுக்குக் கீழே அந்த வம்சத்து நாய், அவர் கையில் தவிர யார் கையிலும் சாப்பிடாதது, படுத்திருந்தது.

"இனி என்னால இத ஓட விட முடியாது கண்ணு. நீ கூட்டிட்டுப் போ."

மாமாவும் இல்லாத வீடு. "உங்களுக்குத் துணைக்கு இருக்கட்டுமே அத்தை" என்றேன்.

"உங்க பெரிய மாமாவுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?" என்று கயிற்றை என் கையில் வைத்து மூடினார்.