அம்மா கொட்டிய உம்

அந்த மழையில் மஸ்கெலியாப் பக்கத்து போன் டவர்கள் எல்லாம் செயலிழந்து போயின. நிவாரணத்துக்கு வந்தவர்கள், தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் வழியே பேசும் கருவி ஒன்றை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஹட்டன் நிவாரண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நான் ஹட்டனில் போன் கடையில் வேலை செய்கிறேன். "உங்கம்மா இருக்குற லயத்து வீடுங்களுக்கு மேல மலையில வெடிப்பு விட்டிருக்கு. எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்லுங்க" என்று மண்டபத்து அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கருவியை என் கையில் கொடுத்தார். ரோடு அடைபட்டுக் கிடந்தது. செய்தி சொல்ல நடந்து புறப்பட்டவர்கள் இருட்டுவதற்குள் போய்ச் சேர வழியில்லை.

போனில் பேச ஒரு வழி, கேட்க ஒரு வழி. இந்தக் கருவியில் இரண்டுக்கும் ஒரே வழிதான். பொத்தானை அழுத்தினால் பேசலாம்; அழுத்தியிருக்கும்வரை எதுவும் கேட்காது. இதையெல்லாம் கற்றுக்கொண்ட ஸ்கூல் வாத்தியார் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குப் போயிருந்தார். கருவி அம்மாவின் கையில் இருந்தது.

எங்கள் லயத்தில் ஒருவர் பேசினால் கேட்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், "என்னா, கோவமா?" என்று கேட்டுவிடுவார்கள். அம்மா அதில் பெரிய ஆள்.

"அம்மா, மலை வெடிச்சிருக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போம்மா" என்றேன். பொத்தானை விட்டதும் பாதி உம் வந்து விழுந்தது. "ம்ம்... சொல்லும்மா." நான் பேசும்போதே அழுத்தியிருக்கிறாள். 'அம்மா' என்றதற்கு மேல் ஒன்றும் கேட்டிருக்காது. மறுபடி கத்தினேன். மறுபடி உம். நான் அவசரப்பட அவசரப்பட அவளும் விடாமல் கொட்டினாள். "பொத்தான விடும்மா!" அதைக் கேட்பதற்கும் அவள் விட்டிருக்க வேண்டுமே! கருவி செய்தவன்மேல் வந்த ஆத்திரம் அம்மாமேல் திரும்பியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். நல்லவேளை, அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

பிறகு அவளே பேசினாள். எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நாங்க நல்லா இருக்கோம்மா. பக்கத்து வீட்டாளுங்க பயந்துகிட்டு ஸ்கூலுக்குப் போவோம்னாங்க. எம் மக கொரலு கேட்டுருச்சு, இனிமே என்ன பயம்னு எல்லாரையும் நம்ம வீட்டுக் காம்பராவுலயே ஒக்கார வச்சிட்டேன். சார்ஜ் போயிரும், வச்சிர்றேன்."

நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கத்திக்கொண்டே இருந்தேன். அதிகாரி கருவியை மெல்ல வாங்கிக்கொண்டு, "ஓஃப் பண்ணிட்டாங்க" என்றார்.

இருட்டுவதற்கு முன்பே லயத்தின்மேல் மண் இறங்கியது. என் குரலை நம்பி எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள்.