தண்ணீர் கேட்காத செடி

அந்தத் தையல்காரிக்குச் சொந்தம் என்று இருந்தவை பழைய தையல் மெஷினும், பின்வாசல் ஆவாரஞ்செடியும்தான். சரளையும் உடைந்த செங்கல்லும் கொட்டிக் கிடந்த மூலை அது, புல்கூட முளைக்காது. விதையைக் கல்லில் உரசி, வெந்நீரில் ஊறப்போட்டு, பிடிவாதமாய் அங்கேயே ஊன்றினாள். முதல் வருஷம் கொஞ்சம் தண்ணீர். பிறகு வெயில்தான் அதற்குச் சோறு. கொத்துக்கொத்தாய் மஞ்சள் பூத்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வந்து பூவைக் கட்டிக்கொண்டு, மெஷின் ஓடுவதுபோல் உறுமும். மகரந்தம் பொலபொலவென்று உதிரும்.

"உன் மெஷினுக்குத் தம்பி வந்துட்டான் பாரு" என்று புருஷன் கேலி செய்வார்.

ஊரில் பாதி வீட்டுக் குழாய்க்கு வைத்தியம் பார்த்த மனுஷன். இப்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மகள் பேரை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். செடிக்கு ஊற்றவேண்டும் என்பதை மட்டும் மறக்கவில்லை. ஊற்றிவிட்டு வந்து உட்காருவார். "ஐயையோ, செடி காயுதே!" என்று மறுபடி எழுவார்.

"போதுங்க. அது தண்ணி கேக்காத செடி."

"வாயில்லாத ஜீவன், எப்படிம்மா கேக்கும்?"

அவள் வாளியை ஒளித்தாள். பச்சைப்பிள்ளை மாதிரி வீடு முழுக்கத் தேடி அழுதார். சரியென்று வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்தாள். செடியண்டை போவதற்குள் பாதி வடிந்துவிடுமே. வாளியோடு போனவரை எட்டிப் பார்த்தால், மனுஷன் சம்மணம் போட்டு, பழைய சாமான் பையைத் திறந்துவைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார். கை நடுங்கவே இல்லை.

"எவனோ ஓட்டை போட்டிருக்கான். என்கிட்டயா?"

ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"குழாயையே பூட்டிடேன்க்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பூட்டினா அதையும் ரிப்பேர் பண்ணிடுவாருடி."

"செடியையாவது பிடுங்கி வேற எடத்துல வையி."

"ஆணிவேர் ஆழமா போயிடுச்சு. அதையும் இவரையும் இனிமே எடம் மாத்த முடியாது."

இலை வெளுத்து உதிர்ந்தது. அடித்தண்டு கறுத்து, தொட்டால் நசுங்கியது. ஒருநாள் கருவண்டு வந்தது. மொட்டைக் கொப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் கண் கலங்கி நின்றார். "வாடிப்போச்சே. நான் ஊத்த மறந்துட்டேனா?"

"இல்லைங்க. நீங்க ஒருநாளும் மறக்கலை."

வாளியை அவளிடம் நீட்டினார். அவள்தான் போய்க் குழாயைத் திறந்தாள்.