கொள்ளிடத்தில் விட்ட லட்சுமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். அவர் பசு திடீரென்று செத்துவிட்டது. கொள்ளிடத்தில் கொண்டுபோய் விட நாலு ஆள் வேண்டுமாம்.

வர மாட்டேன் என்றேன். ஏன்? நானும் அதைச் செய்தவன்.

பல வருஷத்துக்கு முன்னால், எங்கள் பசு லட்சுமி, காலையில் புல் தின்றவள், மத்தியானம் இல்லை. மூக்கில் ரத்தம். தோல் உரிக்கக் கொடுக்க மனசு வரவில்லை. பால் கொடுத்த தாயாயிற்றே... மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பெருமாளுக்குச் சாத்திய துளசி மாலையைப் போட்டு, வெள்ளத்தில் விட்டோம். கைகூப்பி நின்றேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாறு நாளில் கன்றுக்குக் காய்ச்சல். மாட்டு டாக்டர் வந்தார். தாய் செத்த விதத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அடைப்பானாக இருக்கும் என்றார் — மாட்டிடமிருந்து மனுஷனுக்கும் தொற்றுகிற நோய்.

“எங்க புதைச்சீங்க?”

“ஆத்துல விட்டோம் சார்.”

“ஆறு உங்க கொல்லையோட நின்னுடுதா?”

கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு, கரையோர ஊர்களில் விசாரிக்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் லட்சுமி ஒதுங்கியிருந்தாள். அங்கே ஓர் அம்மாளின் இரண்டு கறவை மாடுகளில் ஒன்று செத்திருந்தது. அவள் புருஷன் கையில் கறுத்த புண்.

“மாலை போட்டிருந்துச்சுங்க. யாரோ நல்லவங்க வீட்டு மாடுன்னு இவருதான் கரைக்கு இழுத்துப் போட்டு, தொட்டுக் கும்பிட்டாரு” என்றாள்.

அந்த ‘நல்லவன்’ நான்தான், அவள் எதிரில் நின்றிருந்தேன். மருந்தில் அவள் புருஷன் பிழைத்தார், ஊரின் மிச்ச மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் அன்றே, அந்த மாடு என்னுடையது என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரிடம் இத்தனையும் சொன்னேன். டாக்டரை வரவழைத்தோம். அவர் சொன்னபடி ஆழமாகக் குழி, நிறையச் சுண்ணாம்பு. ஆறு தப்பித்தது.

பசுவின் மேல் பக்தி என்றால், கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற பசுவின் மேலும் வேண்டாமா? அதைக் குடத்தில் மொள்ளுகிறவள் மேல்? இதில் எனக்கு இனிச் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை லால்குடி பஸ் ஏறினேன். அந்த அம்மாளிடம் சொன்னேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன். இப்ப தெம்பு இல்ல. உக்காருங்க, மோர் தரேன்.”

திட்டியிருக்கலாம்... மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்ற எதையும் மாற்றாதீர்கள் — அவரைத் தொட வைத்த அந்தத் துளசி மாலையையும் சேர்த்தே சொல்லுங்கள்.