மூன்று சுற்றுக் கயிறு

நான் நெடுந்தீவில் மருத்துவிச்சி. நயினாதீவில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு, காலையில் என் அண்ணையின் சிறு வள்ளத்தில் திரும்பினேன். அவர் தண்டு வலித்து வள்ளத்தைச் செலுத்த, பின்னால் இழுபட்ட தூண்டில் கயிற்றை நான் பிடித்திருந்தேன். அது வழுக்கியதால், காயத்துக்குத் துணி சுற்றுவதுபோல் உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். அதுதான் பிழை.

ஆளளவு அறுக்குளா மீன் ஒன்று தூண்டிலைக் கவ்வி இழுத்தது. வள்ளம் சரிந்தது, கயிறு இறுகி விரல்கள் நீலம் பாரித்தன.

"அண்ணை, கழற்ற ஏலாது!"

அவர் பாய்ந்து கத்தியால் கயிற்றை அறுத்தார். மீன் போய்விட்டது.

"மீனுக்கும் கட்டுப் போட வெளிக்கிட்டனியோ?"

"எவ்வளவு பெரிய மீன், அண்ணை..."

"போகட்டும். உன்ர கை போனால் அதை எந்தக் கடலில பிடிக்கிறது?"

இப்போது வள்ளம் ஏறினால் இரண்டைப் பார்க்கிறேன்: கத்தி கைக்கெட்ட இருக்கிறதா, கயிறு கையில் சுற்றாமல் இருக்கிறதா. போன மாதம் பிறந்த அண்ணையின் மகளை முதலில் ஏந்தியது அந்தக் கைதான்.