மாலிக் பாய் குறை சொன்ன வண்டி

அப்துல் மாலிக் எதையாவது நல்லது என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. திருப்போரூரில் செங்கல்பட்டு ரோட்டோரம் அவருக்கு ஒரு மெக்கானிக் ஷெட். நான் வரதன், பழைய வண்டி புரோக்கர். எங்கே வண்டி விலைக்கு வந்தாலும் அவரை என் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் போவேன். புது வண்டி வாங்குகிறவன் சாமி கும்பிட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் வேலை முடிந்தது. பழைய வண்டி வாங்குகிறவனுக்குக் குறை சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அந்த ஆள் மாலிக் பாய்தான்.

வண்டியைப் பார்த்ததும் 'த்சு' என்று ஒரு சத்தம் போடுவார். அந்த ஒரு சத்தத்திலேயே விற்கிறவன் முகம் தொங்கிவிடும். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் கதவில் வைப்பார். நசுங்கலைப் பட்டி பூசி மறைத்த இடமாக இருந்தால் காந்தம் ஒட்டாமல் கீழே விழும். விழுந்தால் அது ஒரு குறை. விழாவிட்டாலும், "இன்னாத்துக்கு இம்மாம் பெயின்ட் அடிச்சிருக்கான்? எதையோ மறைக்கறான்" என்பார். விற்கிறவர்களும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தானே. "வா பாய், வந்து திட்டு. ஆனா கொஞ்சமா திட்டு" என்று சிரித்துக்கொண்டே டீ சொல்வார்கள். வாங்க வந்தவன் மட்டம் தட்டுவான், விற்கிறவன் தூக்கிப் பேசுவான், நடுவில் எங்கேயோ ஒரு விலை வந்து நிற்கும். யாரும் யாரையும் நம்புவதில்லை. அதனால் யாருக்கும் வருத்தமும் இல்லை.

இந்தப் பழக்கம் பாய்க்கு வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவர் மனைவி சம்சாத் பேகம் பிரியாணி செய்து, ஓ.எம்.ஆரில் கட்டடம் கட்டுகிற இடங்களில் மத்தியானம் விற்கிறார். ருசி என்றால் அப்படி ஒரு ருசி. நான் அங்கே சாப்பிடுகிற நாளெல்லாம் பாய், "அரிசி கொழஞ்சுகீது, உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை தட்டை நீட்டுவார். எனக்கே எரிச்சல் வரும். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டேன்.

சம்சாத் அக்கா சிரித்தார். "அய்ய, இந்த மனுசன் கொற சொன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம் தம்பி. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ, 'பொண்ணு குள்ளம்'னு சொல்லிட்டுப் போனாரு. மறு வெள்ளிக்கெழமையே நிச்சயம் பண்ண வந்து நின்னாங்க. இவரு வாயில நல்லதுன்னு வந்தது ஒரே ஒரு வாட்டிதான். இவங்கம்மா மௌத்தாகி அடக்கம் பண்ணிட்டு வந்தப்போ 'நல்ல பொம்பள'ன்னாரு."

அக்காவுக்கு இருந்த ஒரே கஷ்டம், அண்டாவைக் கொண்டுபோவது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அண்டாவைப் பார்த்ததும் நிறுத்தாமல் போய்விடுவார்கள். நிறுத்துகிறவனும் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றுவான். அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அண்டாவோடு ஏறி இறங்குவதற்குள் உயிர் போய்விடும். அவர் போய்ச் சேர்வதற்குள் வேலைக்காரர்கள் வேறு எங்காவது சாப்பிட்டு முடித்திருப்பார்கள். "தொறந்தா கடை, மூடுனா வண்டி. அந்த மாதிரி ஒண்ணு இருந்தா நான் பாட்டுக்கு உக்காந்து வித்துட்டு வருவேன்" என்று என்னிடம் சொல்வார். பாயிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார். ஊரில் உள்ளவன் அத்தனை பேருக்கும் வண்டி பார்த்துக் கொடுத்த மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு மொபெட்டைத் தவிர எதுவும் இல்லை. எதைப் பார்த்தாலும் 'த்சு' என்றால் எதைத்தான் வாங்குவது?

அப்படி இருக்கும்போதுதான் திருவிடந்தையில் ஒரு பழைய பிக்கப் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஜீப் மூக்கும் உருண்டை லைட்டும் வைத்த அந்தக் காலத்து வண்டி. சொந்தக்காரர் ஞானதாஸ், எழுபது தாண்டியவர், தனியாள். ஆயுசு பூராவும் அந்த ஒரே வண்டியை வைத்துச் சவுக்குக் கட்டை ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியாமல் போகவே, விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லாமல் நேராக பாயை அழைத்துக்கொண்டு போனேன்.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கடல் காற்று தின்ற வண்டி எப்படி இருக்கும்? கதவுக்கு அடியில் கை விட்டால் விரல் வெளியே வந்தது. பானெட் செம்மண் நிறத்தில் இருந்தது. நான் மனசுக்குள் 'போச்சுடா' என்றுதான் நினைத்தேன்.

பாய் மணலில் முதுகை வைத்து வண்டிக்கு அடியில் போனார். சின்ன ஸ்பானரால், வண்டியையே தாங்குகிற அடிச்சட்டமான சேசிஸைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மனுஷன் தட்டுவதை நிறுத்திவிட்டு, சேசிஸை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். மாட்டைத் தடவுகிற மாதிரி.

"மீன் ஏத்துனதில்ல பாய், ஐஸ் ஏத்துனதில்ல. வெறும் கட்டைதான். வருசா வருசம் மழைக்கு முன்னாடி அடில பழைய எஞ்சின் ஆயில் அடிச்சிடுவேன்" என்று ஞானதாஸ் மேலே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "எவனோ காபிக் கடைக்காரங்க வந்து கேட்டாங்க. வாசல்ல நிக்க வெச்சி, உள்ள பூச்செடி வெக்கணுமாம். புள்ளைங்க ஏறி செல்பி எடுக்குமாம். ஓடுற வண்டிய நிக்க வெக்க நான் தர மாட்டேன்னுட்டேன்."

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்கள். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. பாய் ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார். புகை இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூடியை மூடிவிட்டு, சட்டை நுனியால் அதைத் துடைத்து வைத்தார்.

அப்புறம் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, "த்சு" என்றார்.

கதவு போச்சு என்றார். டயர் போச்சு என்றார். ஞானதாஸ் சிரித்த முகத்தோடு, "அது துருதான் பாய், மேலோட" என்றார். பாய் எவ்வளவு மட்டம் தட்டினாலும் அந்த மனுஷன் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வண்டியைப் பற்றியே பேசினார். எப்பேர்ப்பட்ட வெள்ளத்தில் நெம்மேலி ரோட்டில் நீந்தி வந்தது, எத்தனை கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றினது என்று. பாய்க்கு அது பிடிபடவில்லை. விலையைத் தூக்கத்தான் பெரியவர் இவ்வளவு பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் பாய் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஐயா, மேல இருக்கறத விடு. சேசிஸ் போச்சு. உள்ளுக்குள்ள அரிச்சிடுச்சி. லோடு ஏத்துனா ஒரு நாள் நடு ரோட்ல ரெண்டா மடங்கிடும். ஓட்டுறவன் உசுருக்கு யாரும் பொறுப்பு சொல்ல முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரைக்கும் எந்த வண்டிக்கும் அவர் சேசிஸைச் சொன்னதில்லை. ஞானதாஸ் வண்டியின் மேல் கை வைத்தபடி நின்றார்.

"மெய்யாலுமா பாய்? எனக்குக் கண்ணு செரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு."

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார் பாய்.

வெளியே வந்ததும் பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணெல்லாம் வண்டிதான். "வரதா, இத வுடக் கூடாதுடா" என்றார். அப்படியென்றால் இப்போதே அட்வான்ஸ் வைத்துவிடலாம் என்றேன். "லூசாடா நீ? ஆசையக் காட்டுனா விலை ஏறிடும். ரெண்டு நாள் ஆறப் போடு. அவரே கூப்டுவாரு" என்றார். நியாயமான பேச்சுதான். நானே எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். என் வாயை என்ன சொல்ல.

அன்றைக்கு பாய் வீட்டில் அக்காவிடம் வண்டியைப் பற்றிச் சொன்னாராம். துருப்பிடித்தது, கதவு ஓட்டை, முகமே சரியில்லை, உட்கார்ந்தால் முதுகு போய்விடும் என்று வரிசையாகச் சொன்னாராம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு போன் போட்டார். "தம்பி, இம்மாம் திட்டுறாருன்னா வாங்கப் போறாரு! கலரு இன்னா கலரு?" என்று கேட்டார். அண்டா வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் ஷீட் வாங்கி, சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பின்பக்கம் திறந்தால் பலகை எந்த உயரத்தில் வரும், உட்கார்ந்தபடி பரிமாற எட்டுமா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞானதாஸ் கூப்பிடவில்லை. பாய் ஷெட்டில் போனைப் பார்ப்பதும், எடுத்துத் துடைப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார். யார் வண்டி கொண்டுவந்தாலும் எரிந்து விழுந்தார். கடைசியில் அவராகவே, "பைக்க எடு, திருவிடந்தை போய்ட்டு வந்துடலாம். கேக்கற விலையக் குடுத்துடலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. சட்டைப் பையில் காந்தம் இல்லை. அட்வான்ஸ் மட்டும்தான் இருந்தது.

திருவிடந்தையில் தெரு திரும்பும்போதே இரும்பை வெட்டுகிற கேஸ் கட்டிங் வாடை வந்தது. வேப்பமரத்தடியில் காயலாங்கடை மினி லாரி நின்றது. அதில் உருண்டை லைட்டோடு அந்த மூக்கு ஒரு பக்கம் கிடந்தது. சேசிஸைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். பாய் போய் ஒரு துண்டின் முனையைக் குனிந்து பார்த்தார். இரும்பு கனமாக, முழுசாக இருந்தது. உள்ளே ஒரு பொட்டுத் துரு இறங்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. "இன்னாங்கய்யா இது! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்தக் காபிக் கடைக்காவது குடுத்திருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

ஞானதாஸ் நிதானமாகச் சொன்னார். "எப்டிப்பா குடுக்கறது? புள்ளைங்க ஏறும்னாங்களே. மடங்கிடும்னு பாய் சொல்லிட்டாரு. தெரிஞ்சே ஒருத்தன் தலைல கட்டுனா கர்த்தர் என்னை வுடுவாரா? ரெண்டு நாளு தூக்கமே இல்ல. இன்னிக்குக் காலைல இவங்களக் கூப்ட்டுட்டேன்." அப்புறம் தடவித் தடவி வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வந்தது நல்லதாப் போச்சு பாய். வேற எவனாவது வாயெல்லாம் பல்லா வந்து வாங்கினு போயிருப்பான். நீதான் உண்மையச் சொன்ன."

பாய் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றும் நினைத்தேன், சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன். அந்தப் பெரியவர் மனசு அப்புறம் என்ன பாடுபடும்? பாய் கடைசியில், "ஆமாய்யா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது நெம்மேலி ரோட்டில், உப்பங்கழித் தண்ணீர் இரண்டு பக்கமும் இருக்கிற இடத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த பாய் பேச ஆரம்பித்தார். "எஞ்சின் சத்தம் கேட்டியாடா வரதா? தையல் மிஷின் மாதிரி. நாப்பது வருச வண்டிடா. கியர் விழுந்த அழகப் பாத்தியா? சேசிஸ் கன்னி கழியாத சேசிஸ்டா அது. கதவ மாத்திட்டு ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சா என் காலத்துக்கும் ஓடியிருக்கும், அவ காலத்துக்கும் ஓடியிருக்கும்." ஸ்டியரிங்கைச் சொன்னார், ஸ்பிரிங் பட்டையைச் சொன்னார், பின்பக்கப் பலகையின் கொக்கியைக்கூட விடவில்லை. திருப்போரூர் வருகிறவரை புகழ்ந்துகொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் சம்சாத் அக்கா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாங்க, பேசி முடிச்சிட்டீங்களா? வண்டி எப்டி கீது?"

பாய் குனிந்து செருப்பைக் கழற்றினார். ரொம்ப நேரம் கழற்றினார்.

"நல்ல வண்டி, சம்சாத்" என்றார்.

அக்கா கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தார். சுவரோரம் சாய்த்திருந்த ரப்பர் ஷீட்டை ஒரு தடவை பார்த்தார்.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.