மீமிசல் வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்ட ராஜி

ராஜேஸ்வரி இறந்துட்டாங்க.

காலைல அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, "சார், ராஜி போயிருச்சு சார்"னார். அவ்வளவுதான். எட்டு மாசமா டயாலிசிஸ்... தெரிஞ்ச விஷயம்தான். ஆனாலும் போனை வச்சுட்டு, ஏற்கெனவே பல் தேச்சது மறந்து இன்னொரு தடவை தேச்சேன்.

இங்க பலருக்கு அவங்களைத் தெரியாது. புதுக்கோட்டைல எங்க சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ்ல ஆறு வருஷம் டெஸ்டிங் பார்த்தவங்க. தினமும் அன்னவாசல்ல இருந்து பஸ். நான் அவங்களுக்கு டீம் லீட்... பேருக்கு.

ஒவ்வொரு திங்கக்கிழமையும் என் டேபிள்ல ஒரு பேப்பர் வச்சிருவாங்க. நாங்க எடுத்துப் பயன்படுத்துற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள்ல, அதாவது வெளியாட்கள் எழுதி இலவசமாக் குடுத்த புரோகிராம்கள்ல, எது பழைய வெர்ஷன், எதுல ஓட்டை இருக்குன்னு ஒரு லிஸ்ட். நான் "பார்க்குறேங்க"ம்பேன். பார்க்க மாட்டேன்.

ஒரு ஸ்கேன் சென்டருக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருந்தோம். அங்க மேனேஜர், "நீங்களே எழுதலையா? யாரோ ஓசில குடுத்ததையா போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டார். ராஜிதான் பதில் சொன்னாங்க.

"ஓசில குடுத்தாலும் நல்ல பூட்டுதான் சார். அதுல ஒரு கோளாறுன்னு செஞ்சவங்களே ஊரறியச் சொல்லி, வேற பூட்டும் தர்றாங்க. திருடனும் அதைப் படிக்கிறான். நாம மாத்தலைன்னாதான் சிக்கல்."

அப்படிச் சொன்னவங்க பேச்சை நானே கேக்கல.

அந்த சென்டர் ரிப்போர்ட்டை PDF ஆக்குற லைப்ரரி ரொம்பப் பழசு. ஒரு தடவை ராஜி சொல்லி அப்டேட் பண்ணினோம். ரிப்போர்ட்ல தமிழ்ப் பேரெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு. சென்டர்ல கத்துனாங்க. ஒரே மணி நேரத்துல பழைய வெர்ஷனையே திரும்பப் போட்டேன்.

"ரெண்டு நாள் குடுங்க சார், ஃபான்ட் பிரச்சினையாத்தான் இருக்கும், சரி பண்ணிரலாம்"னாங்க.

"ஓடுறதை எதுக்குங்க நோண்டணும்"னேன். நான் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கு.

மூணு மாசம் கழிச்சு சென்டர் ரிசப்ஷன்ல இருந்து போன். மீமிசல்ல இருந்து ஒரு அம்மா அழுறாங்களாம். வயித்துல கட்டி இருக்கு, மருந்து அனுப்புறோம், பணம் போடுங்கன்னு எவனோ போன்ல பேசியிருக்கான். அவங்க வயசு, ஸ்கேன் எடுத்த தேதி, டாக்டர் பேரு எல்லாம் சரியா சொல்லியிருக்கான். ஆனா சென்டர்ல இருக்குற ரிப்போர்ட் நார்மல்.

சர்வர்ல யாரு எப்ப எதை எடுத்தாங்கன்னு பதிவாகுற லாக்கை ராஜி எடுத்துப் பார்த்தாங்க. அரை மணி நேரம் இருக்கும். "சார், இங்கிட்டு வாங்க."

வெளிய இருந்து எவனோ பதினோரு நாளா ரிப்போர்ட்டுகளை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். அந்தப் பழைய லைப்ரரி வழியாத்தான்.

உடனே சர்வரை நிறுத்தினோம். "சத்தமில்லாம அப்டேட் பண்ணிருவோம் ராஜி... வெளிய தெரிய வேணாம்"னு சொன்னேன். ஆமா, சொன்னேன். இதுவரைக்கும் இதை எங்கயும் எழுதினதில்ல.

"அந்த அம்மா கட்டின்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கு சார்"னாங்க ராஜி. "இன்னும் எத்தனை பேருக்குப் பேசுனான்னு நமக்குத் தெரியாது. சொல்லித்தான் ஆகணும்."

சென்டர்ல சொன்னோம். வெளிய போன எல்லா ரிப்போர்ட்டோட ஆட்களுக்கும் சென்டர்காரங்களும் ராஜியும் போன் போட்டுச் சொன்னாங்க. மீமிசல் அம்மாவுக்கு மட்டும் போன்ல வேணாம்னுட்டாங்க ராஜி. போன்னாலே அது பயப்படும், நேர்ல போவோம்னு. மறுநாள் காலைல, சென்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரிப்போர்ட்டோட ரெண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அந்த அம்மா கரையில மீன் தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ராஜி குனிஞ்சு, ரிப்போர்ட்டைக் காட்டி, ஒண்ணொண்ணா படிச்சுச் சொன்னாங்க. "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க ஆபீஸ் தப்பு. எங்க கவனக்குறைவாலதான் ஒங்க ரிப்போர்ட் வெளிய போயிருச்சு."

அந்த அம்மா கையில இருந்த மீனைக் கூடையில போட்டாங்க. அப்புறம் புடிபுடின்னு புடிச்சாங்க. "நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல தெரியுமா? எம் மககிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தேன். நீங்க பாட்டுக்கு வந்து தப்புன்னுட்டுப் போயிருவீங்க!"

ராஜி நின்னு அத்தனையும் வாங்கிக்கிட்டாங்க. நான் பக்கத்துல... மீன் கூடையைப் பார்த்துக்கிட்டு.

திரும்பும்போது பஸ்ல கேட்டேன். "என் தப்புன்னு சொல்லியிருக்கலாமே ராஜி?"

"சொல்லியிருந்தா அந்தம்மா ஒங்களைத் திட்டியிருக்கும். ஒங்களுக்குப் பாரம் எறங்கியிருக்கும். நாம போனது அந்தம்மா பாரத்தை எறக்க"ன்னாங்க.

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிட்டாங்க.

புது வெர்ஷன்ல தமிழ் எழுத்தை அவங்களே சரி பண்ணினாங்க. ஒன்றரை நாள்தான் ஆச்சு. சென்டர் எங்களை விட்டுப் போயிருச்சு... நியாயம்தான்.

போன மாசம் ஆஸ்பத்திரியில பார்த்தேன். மெலிஞ்சு போயிருந்தாங்க. நர்ஸ் "என்னக்கா வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டதுக்கு, "தப்புக் கண்டுபிடிக்கிற வேலை"ன்னாங்க. அந்தப் பொண்ணு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, குத்தலாமா வேணாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு. ராஜி சிரிச்ச சிரிப்புல பக்கத்து பெட்காரங்களும் சிரிச்சாங்க.

மூணு மணிக்கு எடுக்குறாங்களாம். அன்னவாசலுக்குக் கெளம்புறேன்.

வாரேன் ராஜி.